பால் ஒத்துக்கொள்ளாத பெரும்பான்மை

போலந்தின் மையச் சமவெளியில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு மாடு வளர்த்து, பயிர் செய்து வாழ்ந்தவர்களின் குடியிருப்புகளை 1970களில் தோண்டிக்கொண்டிருந்தார் பீட்டர் பொகுக்கி என்ற அமெரிக்கத் தொல்லியலாளர். கிடைத்த பானை ஓடுகளில் சில மட்டும் விநோதமாக இருந்தன. அவற்றில் சின்னச் சின்னத் துளைகள் நெருக்கமாகப் போடப்பட்டிருந்தன. தண்ணீர் தங்காத பாத்திரத்தை எதற்காக இவ்வளவு மெனக்கெட்டுச் செய்தார்கள்? திரிந்த பாலிலிருந்து கட்டியை வடித்தெடுக்க, அதாவது பாலாடைக்கட்டி செய்ய, இவை சல்லடையாகப் பயன்பட்டிருக்கலாம் என்று பொகுக்கி 1984இல் எழுதினார். அப்போது அது வெறும் ஊகம்தான்.

ஊகம் உறுதியாக 28 ஆண்டுகள் ஆயின. பிரிட்டனில் உள்ள பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மெலானி சால்க், ரிச்சர்ட் எவர்ஷெட் குழுவினர் அந்த ஓடுகளின் நுண்துளைகளில் ஊறிப்போயிருந்த கொழுப்பைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். அது பாலின் கொழுப்பு. 2012இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது.

இங்கேதான் ஒரு சிக்கல். ஐரோப்பாவின் முதல் விவசாயிகளின் எலும்புகளிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது, வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கவைக்கும் மரபணு மாற்றம் அவர்களிடம் காணப்படவில்லை. ஒரு செம்பு பச்சைப் பாலைக் குடித்திருந்தால் அவர்களில் பலருக்கு வயிறு கடமுடவென்று புரட்டியிருக்கும். அப்படிப்பட்டவர்கள்தான் சல்லடை செய்து பாலைக் கட்டியாக்கி உண்டிருக்கிறார்கள்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள்தான் மனிதகுலத்தின் முதல் பால்பண்ணைக்காரர்கள். பாலைக் குடித்துச் செரிக்கும் உடல் பிறகுதான் வந்தது. அதுவும் சிலருக்கு மட்டும். “பால் எனக்கு ஒத்துக்காது” என்று சொல்லும் ஒவ்வொருவருக்கும் இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

வெட்டுப்படாத சர்க்கரை

பாலின் இலேசான இனிப்புக்குக் காரணம் லாக்டோஸ் என்ற சர்க்கரை. பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். தாய்ப்பாலில் இன்னும் அதிகம், 7 கிராம் வரை. குளுக்கோஸ், கேலக்டோஸ் என்ற இரண்டு எளிய சர்க்கரைகள் பிணைந்ததுதான் லாக்டோஸ். இந்த இணையைக் குடலால் அப்படியே உறிஞ்ச முடியாது. இரண்டாக வெட்டினால்தான் இரத்தத்துக்குள் செல்லும். வெட்டுகிற வேலை லாக்டேஸ் என்ற நொதியுடையது. பாக்குவெட்டிபோல அதற்குத் தெரிந்தது அந்த ஒரே வேலைதான். சிறுகுடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகளின் மேற்பரப்பில் அது இருக்கிறது.

போதிய லாக்டேஸ் இல்லாவிட்டால் லாக்டோஸ் முழுதாகவே சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்குப் போய்ச்சேரும். போகும்போதே நீரையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். பெருங்குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. அவற்றுக்கு இது விருந்து. லாக்டோஸை நொதிக்கவைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலரிடம் மீத்தேன் ஆகிய வாயுக்களையும், சில கொழுப்பு அமிலங்களையும் உண்டாக்குகின்றன. இழுக்கப்பட்ட நீரால் பேதி; வாயுவால் உப்புசம், பொருமல், வயிற்றுவலி. பால் குடித்து அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பொதுவாக இவை தலைகாட்டும்.

பாக்டீரியா உண்டாக்கும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறுகிறது. மனித உடலின் செல்கள் ஹைட்ரஜன் வாயுவைத் தயாரிப்பதில்லை. ஆகவே மூச்சில் அது கூடினால் குடல் பாக்டீரியாவின் கைவரிசைதான் என்று உறுதியாகச் சொல்லலாம். இந்த எளிய உண்மைதான் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனைக்கு அடிப்படை. வெறும் வயிற்றில் 25 அல்லது 50 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளில் மூச்சை ஊதவைத்து அளப்பார்கள். தொடக்க அளவைவிட ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 20 பங்கு கூடினால், லாக்டோஸ் செரிக்கவில்லை என்று பொருள்.

இயல்பு எது, விதிவிலக்கு எது?

கன்றுக்கும் குட்டிக்கும் குழந்தைக்கும் பிறந்தவுடன் லாக்டேஸ் தாராளமாகச் சுரக்கிறது. பால்தான் அப்போது ஒரே உணவு. தாய்ப்பாலை மறந்தபின் அந்தச் சர்க்கரை உணவில் வரப்போவதில்லை. எனவே லாக்டேஸ் மரபணுவின் வேலை படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. பாலூட்டிகளின் பொது விதி இது. மனிதர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வயதுக்குமேல் லாக்டேஸ் குறையத் தொடங்கி, வளர்ந்தபின் குழந்தைப் பருவத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடுகிறது. உலகில் வயதுவந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இப்படித்தான்.

மருத்துவம் இதைத் தலைகீழாகவே புரிந்துவைத்திருந்தது. நவீன மருத்துவப் பாடநூல்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் வட ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களுக்குப் பால் செரித்தது. ஆகவே பால் செரிப்பதே மனித இயல்பு என்று எடுத்துக்கொண்டார்கள். 1960களின் நடுவில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ ஆய்வாளர்கள் பெத்ரோ குவாட்ரெகாசஸ், தியோடர் பெய்லஸ் ஆகியோரும் சக ஆய்வாளர்களும் பெரியவர்களின் குடலில் லாக்டேஸை அளந்து பார்த்தார்கள். கறுப்பின மக்களில் பெரும்பாலானவர்களிடம் அது குறைவாக இருந்தது. வெள்ளையரில் சிலரிடம் மட்டுமே குறைவாக இருந்தது. அதன்பின் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அளந்தபோது படம் தெளிவானது. டென்மார்க், அயர்லாந்து போன்ற நாடுகளில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் பால் செரிக்கிறது. சீனாவில் நிலைமை நேர் எதிர்.

இந்தியா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஊருக்கு ஊர் மாறவும் செய்கிறது. டெல்லி, திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய மூன்று இடங்களில் 200 பேரைச் சோதித்து 1981இல் ஓர் ஆய்வு வெளியானது. டெல்லியில் லாக்டோஸ் செரிக்காதவர்கள் 27.4 சதவீதம். இரண்டு தென்னக ஊர்களிலும் சேர்த்து 66.6 சதவீதம். மூவரில் இருவருக்கு இருப்பதை நோய் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஓர் எழுத்து மாற்றம்

அப்படியானால் விளக்கம் தேவைப்படுவது மற்றவர்களுக்குத்தான். எப்போதோ நின்றிருக்க வேண்டிய லாக்டேஸ் அவர்களுக்கு ஏன் ஐம்பது அறுபது வயதிலும் சுரக்கிறது?

விடை 2002இல் பின்லாந்திலிருந்து வந்தது. லீனா பெல்டோனென் தலைமையிலான மரபியல் குழு ஒன்பது ஃபின்னிஷ் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தது. லாக்டேஸ் மரபணு நம்முடைய இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. ஆனால் பால் செரித்தவர்களுக்கும் செரிக்காதவர்களுக்கும் அந்த மரபணுவில் வேறுபாடு தென்படவில்லை. வேறுபாடு அதற்கு 13,910 டி.என்.ஏ. எழுத்துகள் முன்னால், வேறொரு மரபணுவின் எல்லைக்குள் இருந்தது. அந்த இடத்தில் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் லாக்டேஸ் வயதானால் குறையும். ‘டி’ இருந்தால் குறையாது. லாக்டேஸ் மரபணுவை முடுக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி அது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து ‘டி’ வந்தாலே போதும்.

ஐரோப்பியக் கதை இத்துடன் முடிந்தது. ஆப்பிரிக்காவின் கதை வேறு. கிழக்கு ஆப்பிரிக்காவின் மாடு மேய்க்கும் மக்களும் தாராளமாகப் பால் குடிக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலானோரிடம் ஐரோப்பிய மாற்றம் இல்லை. சாரா டிஷ்காஃப் குழுவினர் தான்சானியா, கென்யா, சூடான் நாடுகளில் 43 இனக்குழுக்களைச் சேர்ந்த 470 பேரைச் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். அதே கட்டுப்பாட்டுப் பகுதியில், சற்றே தள்ளி, வேறு எழுத்துகள் மாறியிருந்தன. ஒட்டகம் வளர்க்கும் அரேபியர்களிடம் இன்னொரு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. மாடும் ஒட்டகமும் பழக்கப்பட்ட வெவ்வேறு நிலங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், ஒரே விளைவைத் தரும் மாற்றங்கள் தோன்றிப் பரவியிருக்கின்றன. பண்பாடு பரிணாமத்தைத் திசைதிருப்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மனித மரபியலில் அரிது.

இந்தியாவில் மாடு தனியாகவே பழக்கப்பட்டது. திமில் உள்ள நம் மாடுகள் சிந்துவெளிப் பகுதியில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு பழக்கப்பட்டவை. ஆகவே இந்தியர்களுக்கென்று ஒரு தனி மாற்றம் இருக்கும் என்று எதிர்பார்த்தே ஆய்வாளர்கள் தேடினார்கள். துணைக்கண்டம் முழுவதிலுமிருந்து 2,284 டி.என்.ஏ. மாதிரிகளைப் பரிசோதித்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கிடைத்தது ஏறத்தாழ முழுவதும் ஐரோப்பாவில் உள்ள அதே 13,910 மாற்றம்தான். ஒரே மூதாதையரிடமிருந்து வந்ததும்கூட. வடமேற்கில் அது அதிகம். தென்கிழக்கே வர வரக் குறைகிறது. இந்தப் போக்குக்கு விலக்குகளும் உண்டு. நீலகிரியில் எருமை வளர்க்கும் தோடர்கள் தெற்கில் வாழ்ந்தும் அவர்களிடம் இந்த மாற்றம் மிக அதிகமாகக் காணப்படுகிறது. அவர்களுடைய வாழ்வும் வழிபாடும் எருமையையும் பாலையும் சுற்றியே அமைந்தவை.

பஞ்சமும் பேதியும்

இந்த மாற்றம் பரவிய வேகம்தான் ஆய்வாளர்களைத் திகைக்கவைக்கிறது. வட ஜெர்மனியில் டொலென்சே ஆற்றங்கரையில் சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரிய சண்டை நடந்தது. அங்கே மாண்டவர்களின் எலும்புகளை ஆராய்ந்தபோது எட்டில் ஒருவருக்கு மட்டுமே பால் செரித்திருக்கும் என்று தெரிந்தது. இத்தனைக்கும் ஐரோப்பாவில் பால் வழக்கத்துக்கு வந்து அப்போதே சில ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று அதே வட்டாரத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பால் செரிக்கிறது. பரிணாமக் கணக்கில் 3,000 ஆண்டு என்பது கண்ணிமைக்கும் நேரம். செரிக்கும் மரபணு உடையவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் பிழைத்து, அதிகப் பிள்ளைகளை விட்டுச்சென்றால்தான் இந்த வேகம் சாத்தியம்.

பால் சத்துள்ளது, ஆகவே குடித்தவர்கள் பிழைத்தார்கள் என்று முன்பு எளிதாகச் சொல்லிவந்தார்கள். எவர்ஷெட் குழு 2022இல் அந்த விளக்கத்தை ஆட்டம்காண வைத்தது. பானை ஓடுகளில் படிந்த பால்கொழுப்பையும் பழங்கால டி.என்.ஏ.வையும் காலவாரியாக ஒப்பிட்டார்கள். பால் அதிகம் புழங்கிய காலத்தில் மரபணு வேகமாகப் பரவியதாகத் தெரியவில்லை. பிரிட்டனில் ஐந்து லட்சம் பேர் பற்றிய மருத்துவத் தரவுகளிலோ, லாக்டேஸ் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு பால் குடிப்பதும், இல்லாதவர்களின் உடல்நலம் கெட்டுவிடவில்லை என்பதும் தெரியவந்தது.

அவர்கள் முன்வைத்த விளக்கம் இது. வயிறு நிறையச் சாப்பிடுகிறவருக்குப் பாலால் வரும் பேதி வெறும் தொந்தரவு. பஞ்சத்தில் எலும்பும் தோலுமாகக் கிடப்பவருக்கு அதே பேதி எமன். விளைச்சல் பொய்த்த ஆண்டில் தயிருக்கும் பாலாடைக்கட்டிக்கும் காத்திராமல் பச்சைப் பாலையே குடித்திருப்பார்கள். செரிக்காதவர்கள் நீரிழப்பில் மடிந்திருப்பார்கள். கொள்ளைநோய்க் காலங்களிலும் இதே கதி. அப்படிப் பார்த்தால் இந்த மரபணு செழிப்பின் பரிசு அல்ல, பட்டினியின் தழும்பு.

உறைமோர் செய்த வேலை

மரபணு இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? மங்கோலியாவைப் பார்க்கலாம். அங்கே மிகப் பெரும்பாலானோரிடம் லாக்டேஸை நீடிக்கவைக்கும் மாற்றம் இல்லை. ஆனாலும் குதிரை, மாடு, ஆடு, ஒட்டகம், யாக் என்று எல்லாவற்றையும் கறந்து, பால்பொருள்களைத் தாராளமாக உண்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி புளிக்கவைத்தது. குதிரைப்பாலைப் புளிக்கவைத்த ‘அய்ராக்’ அவர்களின் தேசிய பானம். லாக்டோஸை உடலுக்கு வெளியிலேயே பாக்டீரியாவிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள்.

நம் வீட்டில் இரவு உறைமோர் ஊற்றுகிறபோது நடப்பதும் அதுதான். உறையிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸில் நான்கில் ஒரு பங்குக்குமேல் தின்று லாக்டிக் அமிலமாக்குகின்றன. ஆனால் தயிரில் மிச்ச லாக்டோஸ் கணிசமாகவே இருக்கிறது. அது ஏன் தொந்தரவு தருவதில்லை? ஜோசப் கோலார்ஸ், மைக்கேல் லெவிட், டென்னிஸ் சவையானோ ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வில் லாக்டேஸ் குறைந்தவர்களுக்கு 18 கிராம் லாக்டோஸை ஒரு முறை பாலாகவும் ஒரு முறை தயிராகவும் கொடுத்து மூச்சில் ஹைட்ரஜனை அளந்தார்கள். தயிர் சாப்பிட்டபோது வந்தது பாலுக்கு வந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். தயிர் பாக்டீரியாக்கள் லாக்டோஸை வெட்டும் நொதியைத் தமக்குள் வைத்திருக்கின்றன. சிறுகுடலில் பித்தநீர் பட்டு அவற்றின் செல்சுவர் தளரும்போது அந்த நொதி நமக்காக வேலை செய்கிறது. உறைந்த தயிர் தன்னைத் தானே செரிக்கவைக்கும் உணவு.

சூடுபட்டால் இந்தப் பாக்டீரியாவும் நொதியும் அழிந்துவிடும். தயிர்சாதத்திலும் நீர்மோரிலும் கிடைக்கிற உதவி கொதித்த மோர்க்குழம்பில் கிடைக்காது. சோற்றில் ஊற்றிக்கொள்ளும் அளவு குறைவு என்பதால் பெரும்பாலும் தொல்லையில்லை.

மற்றவற்றையும் இதே கணக்கில் பார்க்கலாம். நெய்யில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இல்லை. பனீரில் நீர் வடிந்துவிடுவதால் குறைவு. பால்கோவா பாலைச் சுண்டக் காய்ச்சியது. நீர் போகும், லாக்டோஸ் போகாது. கொழுப்பு நீக்கிய பால்பவுடரின் எடையில் பாதி லாக்டோஸ்தான். நாட்டு மாட்டுப் பால், ஏ2 பால் என்று கூடுதல் விலைக்கு விற்பவற்றிலும் லாக்டோஸ் அளவு அதேதான். அவற்றில் மாறுவது புரதம். பாலை எவ்வளவு காய்ச்சினாலும் லாக்டோஸ் அழியாது. ‘லாக்டோஸ் இல்லாத பால்’ என்று கடையில் கிடைப்பது தொழிற்சாலையிலேயே லாக்டேஸ் சேர்த்து வெட்டப்பட்டது. சர்க்கரை போடாமலே கூடுதலாக இனிப்பதற்கு அதுவே காரணம்.

பழி எல்லாம் பாலுக்கா?

லெவிட், சவையானோ இருவரும் ஃபாப்ரிசிஸ் சுவாரெஸுடன் சேர்ந்து 1995இல் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கோப்பைக்கும் குறைவான பால் குடித்தாலே தாங்காது என்று அடித்துச் சொன்ன 30 பேரைச் சேர்த்தார்கள். முதலில் மூச்சுப் பரிசோதனை. 30 பேரில் 9 பேருக்கு லாக்டோஸ் ஒழுங்காகவே செரித்தது. பிறகு எல்லோருக்கும் தினமும் காலையுணவோடு 240 மில்லி பால். ஒரு வாரம் சாதாரணப் பால், ஒரு வாரம் லாக்டோஸ் வெட்டிய பால். வெட்டிய பால் அதிகம் இனிக்கும் என்பதால் சாதாரணப் பாலில் செயற்கை இனிப்பைக் கலந்து சுவையைச் சமன் செய்தார்கள். எந்த வாரம் எந்தப் பால் என்பது குடித்தவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. இரண்டு வாரங்களிலும் உபாதைகள் குறைவாகவே இருந்தன. உண்மையிலேயே லாக்டோஸ் செரிக்காத 21 பேருக்கும் இரண்டு பாலுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை.

வயிற்று உப்புசம் பொய் என்று இதற்கு அர்த்தமல்ல. உப்புசத்துக்குப் பல காரணங்கள் உண்டு. கண்ணில் படுவது பால் என்பதால் பழி அதன்மேல் விழுகிறது. லாக்டேஸ் குறைந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு வேளைக்கு சுமார் 12 கிராம் லாக்டோஸை, அதாவது ஒரு டம்ளர் பாலை, உணவோடு சேர்த்தால் பெரிய தொந்தரவின்றித் தாங்குவார்கள். ஒரு காபியிலோ டீயிலோ உள்ள பால் இதில் பாதிகூட இருக்காது. அதுமட்டுமல்ல, தினமும் சிறிது சிறிதாகப் பழகினால் பெருங்குடல் பாக்டீரியாக்களின் சேர்க்கை மாறி, வாயு குறைகிறது. மரபணு மாறாமலே சகிப்புத்தன்மை கூடுகிறது.

சில வேறுபாடுகளை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பால் ஒவ்வாமை என்பது வேறு; அது பாலின் புரதத்துக்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றல் கிளர்ந்தெழுவது. அதில் தடிப்பு, மூச்சுத்திணறல்வரை போகலாம். சிலருக்கு ஒரு துளி பாலும் ஆபத்தாகலாம். கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு குடலுறிஞ்சிகள் சேதமடைந்து லாக்டேஸ் தற்காலிகமாகக் குறைவதும் உண்டு. குடல் ஆறினால் அதுவும் திரும்பிவிடும். பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத குழந்தைகள் மிக மிக அபூர்வம். ஆகவே பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று மருத்துவரைக் கேட்காமல் தாய்ப்பாலை நிறுத்துவது பெரும் தவறு. எடை குறைதல், மலத்தில் இரத்தம், காய்ச்சல், இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவை இருந்தால் அது லாக்டோஸ் விவகாரம் அல்ல. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது எளிது. இரண்டு வாரம் பாலையும் பால் இனிப்பையும் நிறுத்திப் பாருங்கள். தொந்தரவு நின்றால், கால் டம்ளரில் தொடங்கி, சாப்பாட்டோடு சேர்த்து, மெல்லக் கூட்டுங்கள். எந்த அளவில் வயிறு முரண்டுபிடிக்கிறதோ அதற்குக் கீழே நின்றுகொள்ளுங்கள். தொந்தரவு நிற்கவே இல்லையென்றால் குற்றவாளி பால் அல்ல. வேறு காரணத்தைத் தேடுங்கள். பாலை அடியோடு விட்டவர்கள் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவற்றைத் தட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். தயிரையும் மோரையும் மட்டும் அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். பால் செரிக்காதவர்களுக்காகவே, பால் செரிக்காதவர்கள் கண்டுபிடித்த உணவு அது.